'குழாயை' என்ற சொல்லுக்குப் பிறகு

முந்தின நாள் மாலை தங்கை கணினித் திரையில் எழுதியது இவ்வளவுதான்: "அண்ணா, இந்தக் குழாயை". அதோடு எழுத்தெல்லாம் சிதறி, திரை முழுக்கக் கட்டம் கட்டமாகிப் போனது.

குழாய் அவள் தொண்டையிலிருந்து கட்டிலருகே இருந்த சுவாச இயந்திரத்துக்குப் போனது. அவள் உடம்பில் சொன்னபடி கேட்பவை கண்ணிமைகளும் ஒரு கட்டைவிரலும்தான். அந்த விரலால் ஒற்றைப் பொத்தானை அழுத்தி எழுதுவதற்கென்றே, அவள் புருஷன் முன்பு ஒரு பழைய கணினிக்குத் தானே புரோகிராம் எழுதி, ஒரு சிப்பில் ஏற்றியிருந்தார். புதுக் கணினியும் வாங்கிப் பார்த்தாயிற்று. விரல் அதற்குப் பழகவில்லை.

அண்ணன் டிவி ரிப்பேர்காரர். காலையில் வந்ததும் மதர்போர்டைக் கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் பிரித்துப் போட்டார்.

"பொறுடி, உன் வாயைத்தான் தேடிட்டிருக்கேன். கெடைச்சதும் முதல்ல என்னைத்தானே திட்டப்போறே?"

அவள் ஒருமுறை கண்ணை மூடித் திறந்தாள். ஒருமுறை என்றால் ஆமாம். இரண்டு முறை என்றால் இல்லை.

வரிசையாகத்தான் போனார். மீட்டர் வைத்துப் பார்த்தார். மின்சாரம் ஒழுங்காக வந்தது. மெமரி சிப்புகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார், எதுவும் சுடவில்லை. கடைசியில், புரோகிராம் சிப்பின் கால்கள் கறுத்திருப்பது கண்ணில் பட்டது.

"மாப்ள, ஆளு சிக்கிட்டான்! காலைத் தேய்ச்சு மாட்டினா முடிஞ்சுது."

"பாத்து மச்சான்" என்றார் தங்கை புருஷன், சமையலறையில் வெந்நீர் வைத்தபடி. "அது ஒண்ணுதான் இருக்கு. கேசட்டுல இருந்த நகல் பூஞ்சை புடிச்சுப் போச்சு."

"எனக்கேவா?"

சிப்பை நெம்பி எடுத்து, கால்களை அழிரப்பரால் தேய்த்தார். சிப்பைச் செருகும் சாக்கெட்டின் ஒரு முனையில் அரைவட்ட வெட்டு இருக்கும், சிப்பிலும் இருக்கும். வெட்டோடு வெட்டு சேர்த்து அழுத்தினார். எடுக்கும்போது சிப் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதை அவர் கவனிக்கவில்லை. கவனிக்க வேண்டிய அவசியம் அவர் தொழிலில் வந்ததே இல்லை.

சுவிட்சைப் போட்டார். திரை கறுப்பாகவே கிடந்தது. சிப்பிலிருந்து கருகல் வாடை வந்தது.

புருஷன் ஓடி வந்தார். "எப்பிடி மாட்டினீங்க?"

"வெட்டைப் பாத்துதான்."

புருஷன் அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "சாக்கெட்டை அப்போ போர்டுல நான் தலைகீழா ஈயம் வெச்சுப் பத்தவெச்சிட்டேன் மச்சான். கழட்டினா போர்டு போயிடும்னு சிப்பை மட்டும் திருப்பி மாட்டினேன். வேற யாரு இதுல கை வைக்கப்போறாங்கன்னு…"

"சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?"

"நீங்க கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல?"

இருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை.

"புரோகிராமை மறுபடி எழுத முடியாதா மாப்ள?"

"மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் இந்த விரல் அசையும்னு டாக்டரே சொல்லலை."

அண்ணன் நாற்காலியை இழுத்து அவள் முகத்தருகே போட்டுக்கொண்டார். "குழாயை இறுக்கமாக் கட்டிட்டாங்களா? தளர்த்தணுமா?"

இரண்டு முறை மூடினாள்.

"வேற குழாய் மாத்தணுமா?"

இரண்டு முறை.

"சுத்தம் பண்ணணுமா?"

இரண்டு முறை.

மிச்சம் இருந்தது ஒரே கேள்வி. கழட்டிவிடவா என்று கேட்டால் அவள் ஒருமுறை மூடிவிடுவாள். இருவருக்கும் அது தெரிந்திருந்தது. புருஷன் எழுந்து வெந்நீரைப் பார்க்கப் போனார்.

"சரியா சுத்தம் பண்ணலைபோல" என்றார் அண்ணன். "பண்ணட்டுமா?"

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்களை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள்.