சொட்டாத வண்டி

"கார் சாவியக் குடுக்கா. மூணே மூணு நாள்..."

"மூணு நாளுக்காடா அந்தக் கம்பெனி ஆளு டேப்ப எடுத்துட்டு வந்து என் கடை வாசல..."

"நான் சொல்றத முழுசாக் கேளேன்!"

"...அளக்குறான்? வாசல அளந்தான், போகட்டும். உள்ள வந்து, பட்டன் அலமாரிக்குப் பின்னாடி இருக்கிற சுவர எதுக்கு அளந்தான்?"

"வண்டி நிறுத்த எடம் பாத்திருப்பாங்க."

"அலமாரிக்குப் பின்னாடியா?"

தம்பி கல்லாவின் மேல் கிடந்த ஜிப் ஒன்றை எடுத்து மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தான்.

கடைத்தெருவில் பழைய கார் கண்காட்சி வைக்கப்போகிறார்கள். வைப்பது, தெருவைக் கடை கடையாக வாங்கிக்கொண்டிருக்கும் கட்டடக் கம்பெனி. கடிகாரக் கடை போய்விட்டது. செருப்புக் கடையும் போய்விட்டது. அவற்றின் கண்ணாடியில் பழுப்புத் தாள் ஒட்டி, 'விரைவில்' என்று எழுதியிருந்தார்கள். என்ன விரைவில் என்று எழுதவில்லை. அந்தப் பக்கம் மிஞ்சியது அக்காவின் பட்டன் கடை ஒன்றுதான்.

அப்பா விட்டுப்போனவை இரண்டு: இந்தக் கடை, பின்கொட்டகையில் நிற்கும் நீல நிறக் கார். இரண்டுமே அக்கா, தம்பி இருவர் பெயரிலும் இருந்தன. கம்பெனிக்காரர்கள் கடையைக் கேட்டு மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் அவள் டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். கையெழுத்து மட்டும் கொடுக்கவில்லை.

"கடையக் கேட்டவன் இப்ப காரக் கேக்குறான். எலி அம்மணமா ஓடினா சும்மாவா ஓடும்?"

"உனக்கு யாரப் பாத்தாலும் சந்தேகம். தபால்காரர் ரெண்டு நாள் வரலன்னா அதுக்கும் ஒரு கதை வெச்சிருப்ப."

"சந்தேகப்பட்டதாலதான் கடை நிக்குது."

"அப்ப என்னையும் சந்தேகப்படு."

"உன்னையா?" அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மார்க் அட்டையில அப்பா கையெழுத்தப் போட உனக்குச் சொல்லிக்குடுத்தவளே நான்தான். உன்ன என்னத்தடா சந்தேகப்படுறது?"

தம்பியும் சிரித்தான். ஒரு நொடி தாமதமாகச் சிரித்தான்.

சாவியோடு, பட்டன் வந்த அட்டைப்பெட்டி ஒன்றையும் பிரித்துத் தட்டையாக்கிக் கொடுத்தாள். அந்தக் கார் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும். எத்தனை தடவை சரிசெய்தாலும் சொட்டும். அடியில் அட்டை போடுவதும், காலையில் அட்டையைப் பார்ப்பதும் அவள் வேலை. 'சொட்டுனா கவலைப்படாத, சொட்டலன்னா கவலைப்படு. உள்ள எண்ணெய் இல்லன்னு அர்த்தம்' என்பார் அப்பா.

"மறக்காம கீழ போடு. தெருவ அழுக்காக்காத."

"போடுறேன் தாயே."

கண்காட்சியின் இரண்டாம் நாள் மத்தியானம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவள் போனாள், டேப்புக்காரன் என்ன செய்கிறான் என்று பார்க்க. தெரு நடுவில் ஏழு வண்டிகள், சுற்றிலும் கயிறு. பளபளவென்று இருந்தன. ஜனங்கள் கயிற்றோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நீலக் கார் நான்காவதாக நின்றது. பழக்கதோஷம், குனிந்து அடியில் பார்த்தாள்.

எதிர்ப்பக்க மருந்துக் கடைக்காரர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "என்னம்மா, கீழ ஏதாவது விழுந்துடுச்சா?"

"விழல. அதத்தான் பாக்குறேன்."

அட்டையை இழுத்து எடுத்தாள். இரண்டு நாள் ஆகியும் ஒரு பொட்டுக் கறை இல்லை.

"தொடாதீங்கம்மா!" டேப்புக்காரன் ஓடி வந்தான்.

"எங்கப்பா வண்டி இது."

"அட, நீங்கதானா? கடையில பாத்தது, மறந்துட்டேன்."

"எண்ணெய் எங்க?"

"இறக்கியாச்சும்மா. பெட்ரோல், பேட்டரி எல்லாம் எடுத்தாச்சு. கட்டடத்துக்குள்ள நிக்கிற வண்டியில அதெல்லாம் இருக்கக் கூடாது."

"தெருவுலதானே நிக்குது?"

"இப்ப தெருவுல. புதுக் கட்டடம் வந்ததும் முகப்புல கண்ணாடி ரூம். உங்கப்பா கடை இருந்த எடத்துலயே உங்கப்பா வண்டி! உங்க தம்பியோட யோசனைதாம்மா. நல்ல மனசு."

"இருந்த எடமா? கடை அங்கதானப்பா இருக்கு?"

"அடுத்த மாசம் வரைக்கும் இருக்கும். ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுட்டீங்களே." ஃபோனில் ஒப்பந்தத் தாளின் படத்தை எடுத்து, பெரிதாக்கிக் காட்டினான்.

தம்பியின் கையெழுத்து. அதன் கீழே அவளுடையது. கடைசி எழுத்தின் வால் வளைந்து முன்னால் வந்து புள்ளியில் முடியும் விதம்கூட அப்படியே இருந்தது. ஒன்றுதான் குறை. இரண்டு வருடமாக அவள் கை நடுங்குகிறது. படத்திலிருந்த கோட்டில் ஒரு நடுக்கமும் இல்லை.

"என்னம்மா, சரியாத்தானே இருக்கு?"

"ரொம்பச் சரியா இருக்கு."

கூட்டத்துக்குள்ளிருந்து தம்பி வந்தான். இரண்டு கையிலும் இரண்டு காகிதக் கப்.

"வெயில்ல எதுக்குக்கா நிக்கிற? டீயக் குடி."

"சொட்டலடா."

"என்னது?"

அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்தாள். அவன் அதைப் பார்த்தான். டேப்புக்காரனின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தான். டீ அவன் விரலில் சிந்தியது.

"நானே சொல்லலாம்னுதான் இருந்தேன். உனக்கும் முடியல, கை வேற நடுங்குது. எத்தனை நாளைக்குத்தான் தனியா அந்தக் கடைக்குள்ள..."

"அப்பா கையெழுத்த நான் சொல்லிக்குடுத்தேன். என் கையெழுத்த உனக்கு யாருடா சொல்லிக்குடுத்தது?"