இருபதுக்குப் பத்தொன்பது

விவாகரத்தில் எங்களுக்குள் தகராறே இல்லை. வாழ்வதில் ஒத்துப்போகாத நாங்கள் பிரிவதில் அப்படி ஒத்துப்போனோம். மல்லுக்கட்டியதெல்லாம் ஏழு வயது மகளுக்காகத்தான். அவள் என்னிடமே இருக்க வேண்டும், லிஃப்ட் மெக்கானிக்கான அவள் அப்பா மாதம் இரண்டு மணி நேரம் பார்த்தால் போதும் என்பது என் மனு. 'பிள்ளையைப் பற்றி இவருக்கு ஒன்றுமே தெரியாது' என்றும் அதில் எழுதியிருந்தேன்.

சனி, ஞாயிறு அவரோடு இருந்துவிட்டு, திங்கள் காலை நேரே கோர்ட்டுக்கு வந்தாள் வாலு. வாயைப் பொத்தியபடி எனக்குக் கையாட்டிவிட்டுக் குழந்தைகள் அறைக்குள் ஓடிவிட்டாள். என்னிடம் பேசக்கூட விடாமல் கெடுத்து வைத்திருக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஜட்ஜம்மா மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணுமே தெரியாதா? சரி, நீங்களே இருபது கேள்வி எழுதிக் குடுங்க. அவர் இங்கயே உக்காந்து பதில் எழுதட்டும்."

கரும்பு தின்னக் கூலியா? நான் கணக்கு டீச்சர். செருப்பு அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்து, இந்த வாரம் யாரோடு 'டூ' என்று ஒரே மூச்சில் எழுதிக் கொடுத்தேன். அவர் கடைசி பெஞ்சில் குனிந்து உட்கார்ந்து எழுதினார்.

"தப்பை மட்டும் எங்கிட்ட காட்டுங்க, நான் பேசிக்கிறேன்" என்று விடைத்தாளைத் தந்தார் என் வக்கீல்.

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனா எப்போது வெளியே வந்ததென்று எனக்கே தெரியாது. சரி, சரி, சரி. ஏழாவது கேள்வி, தூங்க என்ன வேண்டும்? 'என் பழைய நீலச் சட்டை. அது அவள் அம்மாவிடம் இருக்கிறது.' இருக்கத்தான் செய்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு 'சரி' போட்டேன். கடைசிக் கேள்வி, எத்தனை பல் விழுந்திருக்கிறது? 'ஐந்து.' அப்பாடா! நான்குதான். பெரிதாக ஒரு தப்புக்குறி. கூட்டிப் பத்தொன்பது என்று வட்டம் போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டேன். கோர்ட் உதவியாளர் அதை அப்படியே ஜட்ஜம்மாவிடம் கொண்டுபோனார்.

வக்கீல் தலையில் கைவைத்தார். "நுணலும் தன் வாயால் கெடும். நீங்க பேனாவால கெட்டீங்க, டீச்சர்."

"ஒண்ணுமே தெரியாதவருக்குப் பத்தொன்பதா?" என்றார் ஜட்ஜம்மா. கோர்ட்டே சிரித்தது.

"அந்த ஒண்ணு தப்புதானே, மேடம்! பல்லு நாலுதான்!"

ஜட்ஜம்மா மகளை அழைத்து வரச் சொன்னார். வந்தவள் பென்சில் டப்பாவைத் திறந்து, காகிதத்தில் பொதிந்திருந்த ஒரு பல்லை என் உள்ளங்கையில் வைத்தாள். சிரித்த வாயில் புது ஓட்டை.

"அஞ்சாவதும்மா! நேத்து விழுந்துச்சு. உனக்கு சர்ப்ரைஸ்! அப்பா, நீங்க சொல்லிட்டீங்களா?"

"சொல்லல கண்ணு. பரீட்சையில கேட்டாங்க, எழுதிட்டேன்."

ஜட்ஜம்மா தாளை என்னிடம் நீட்டினார். தப்பாகத் திருத்தினால் எல்லார் முன்னாலும் மார்க்கை மாற்ற வேண்டும். அது என் வகுப்பில் நானே வைத்த சட்டம். பத்தொன்பதை அடித்து இருபது போட்டேன்.

"என் ஜென்மத்துல கணக்கு டீச்சர்கிட்ட இவ்ளோ மார்க் வாங்கினதில்ல" என்றார் அவர், கடைசி பெஞ்சிலிருந்து. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பள்ளி நாட்களில் என்னோடு, சனி ஞாயிறு அவரோடு, விடுமுறையில் பாதிப் பாதி என்று தீர்ப்பானது. தோற்றுவிட்டு இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கிருந்தும் வெளியே வந்ததில்லை. மகளைப் பற்றி என்னளவு தெரிந்த இன்னோர் ஆள் இருக்கிறார்.

என்னளவு என்ன? அதே பரீட்சையை நான் எழுதியிருந்தால் பத்தொன்பதுதான்.