மூன்றாம் கட்டிலுக்கு இரண்டு போர்வை

அந்தப் பிரசவ ஆஸ்பத்திரியின் மருந்து ஃப்ரிட்ஜ் ஏழு வருடம் மின்சாரம் இல்லாமல் ஓடியது. ஓடியது என்பதுகூடத் தப்பு. மோட்டார் கருகியிருந்தது, பிளக் தரையில் கிடந்தது, உள்ளே இருந்த வெப்பமானி மட்டும் காலையும் மாலையும் நான்கு டிகிரி காட்டியது. பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்த மெக்கானிக், "இது செத்து ரொம்ப நாளாச்சுங்க. நான் கை வைக்க மாட்டேன்" என்று ஸ்குரூடிரைவரை மறந்துவிட்டுப் போனார்.

மோட்டார் கருகிய மூன்றாம் நாள், ஒரு தையல்காரி மூன்றாம் கட்டிலில் பிள்ளை பெற்றாள். ரத்தம் நிற்கவில்லை. கெடுபிடி என்று பட்டப்பெயர் வாங்கிய மூத்த மருத்துவச்சி ஊசி போட்டாள், இன்னொன்றும் போட்டாள். சூட்டில் கிடந்த அந்த மருந்து வெறும் தண்ணீருக்குச் சமம் என்று அவளுக்குத் தெரியாது. "குளிருது சிஸ்டர், இன்னொரு போர்வை குடுங்க" என்றாள் தையல்காரி. போர்வை வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் ஃப்ரிட்ஜ் ஜில்லென்றிருந்தது. கதவின் உள்பக்க ஈரத்தில் ஒரு கை பதிந்திருந்தது, விரல் நுனியில் ஊசி குத்திக் காய்த்த தழும்போடு. கெடுபிடி அதைத் துடைத்தாள். மறுநாளும் இருந்தது. பிறகு துடைப்பதை விட்டுவிட்டாள்.

மருந்து கெடவில்லைதான், ஆனால் மருந்து மட்டும் போதவில்லை. வருடத்துக்கு நான்கைந்து தாய்மார்கள் போய்க்கொண்டுதான் இருந்தார்கள். ஏழாம் வருடம் நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியும் மருத்துவச்சிகள் சங்கமும் கைகோத்துப் பயிற்சி கொடுக்க ஆள் அனுப்பின. பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிடத்துக்குள் ஊசி, ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் துணியை எடைபோட்டுப் பார்ப்பது, ஒருத்தி கத்தினால் மற்றவர்கள் யார் எதை எடுத்து ஓடுவது என்று எல்லாம் பாடம். முப்பது வருட சர்வீஸ் போட்ட கெடுபிடி முதல் பெஞ்சில் உட்கார்ந்து, பொம்மை வயிற்றைத் தப்பாக அழுத்தித் திட்டு வாங்கினாள். சூரிய சக்தியில் ஓடும் புது ஃப்ரிட்ஜும் வந்தது. பழையதைத் தூக்க வந்த நான்கு ஆட்களால் அதை அசைக்க முடியவில்லை. "விடுங்கப்பா, அவ வரமாட்டா" என்றாள் கெடுபிடி.

அடுத்த மாதம் தையல்காரியின் தங்கை அதே கட்டிலுக்கு வந்தாள். "எனக்கும் அக்கா மாதிரி ஆயிடுமா சிஸ்டர்?" என்று கேட்டாள். மதியம் பிள்ளை பிறந்தது, ரத்தம் பெருகியது. பாடமெல்லாம் மறந்து பழக்கதோஷத்தில் கெடுபிடி பழைய ஃப்ரிட்ஜுக்கு ஓடிக் கதவைத் திறந்தாள். உள்ளே அனலடித்தது. கதவில் கை இல்லை. திரும்பி ஓடிவந்தபோது, அவளோடு பயிற்சியில் இருந்த இளைய மருத்துவச்சி புது ஃப்ரிட்ஜ் மருந்தை ஏற்றி முடித்து வயிற்றை அழுத்திக்கொண்டிருந்தாள். துணிகளின் எடை ஏறுவது நின்றது.

"வயித்துல ஒரு கை மட்டும் ஐஸ் மாதிரி இருந்துச்சு" என்றாள் தங்கை. "எங்கக்கா விரல் எனக்குத் தெரியாதா?" கெடுபிடி தரையிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பழைய ஃப்ரிட்ஜை மறுநாள் இரண்டே பேர் தூக்கிப்போனார்கள். அதற்குப் பிறகு அந்த ஆஸ்பத்திரியில் எந்தத் தாயும் சாகவில்லை. மூன்றாம் கட்டில் மட்டும் கோடையிலும் குளிர்கிறது. அதற்கு இரண்டு போர்வை தருகிறார்கள். ஒன்று படுத்திருப்பவளுக்கு. கால்மாட்டில் மடித்து வைக்கும் மற்றது காலையில் பிரிந்து கிடக்கும். அதைத் திரும்ப மடித்து வைப்பது காலை ஷிஃப்ட்டின் வேலை.