மெக்கானிக் மாப்பிள்ளை

ஜாஃபர் சாதிக் தன்னை மெக்கானிக் என்று யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ஊர்தான் சொன்னது. ஷார்ஜாவில் பெரிய லாரி ஒன்றின் முன்னால் கையில் ஸ்பேனரோடு அவர் நிற்கும் போட்டோ கல்யாணப் பேச்சின்போது வந்தது. பார்த்தவர்கள் மிச்சத்தைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த ஸ்பேனரை யாருக்கோ எடுத்துக் கொடுக்கத்தான் அவர் போய்க்கொண்டிருந்தார். ஒர்க்‌ஷாப் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. எந்தக் கருவிக்கு என்ன பெயர், அது எந்த அலமாரியில் இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதை எதில் மாட்டுவது என்று கேட்டால்தான் வம்பு.

கம்பெனியை மூடிவிட்டார்கள் என்று ஊர் திரும்பியபோது கையில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. மிஞ்சியது மெக்கானிக் என்கிற பேர் மட்டும். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில், மாமனார் ஊரில், அந்தப் பேருக்காகத்தான் டீக்கடை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். அதுவும் போனால் அவர் வெறும் வீட்டோடு மாப்பிள்ளை.

மாமனார் ஹபீப் முகம்மது நெல் வியாபாரி. களத்துமேடு களத்துமேடாக அவரைச் சுமந்த பழைய யெஸ்டி பைக், கஜா புயல் தண்ணீரில் கொட்டகைக்குள் மூழ்கியதோடு சரி. அதை மறுபடி ஓட வைக்க வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, "டவுன்ல கொடுத்துருவோம், மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம்?" என்றார் மாமனார்.

"மச்சான் இருக்கையில டவுன் எதுக்கு அத்தா?" என்றான் மைத்துனன் முபாரக். "ஷார்ஜாவுல லாரியையே பிரிச்சுப் போட்டவரு!"

ஜாஃபர் சாதிக் சிரித்தார். வேறென்ன செய்ய?

அவிழ்க்கிற வரை எல்லாம் நன்றாகத்தான் போனது. அவிழ்க்க யாருக்குத்தான் தெரியாது? பின்சக்கரத்தின் ஹப்புக்குள் இருந்த பேரிங்தான் துருவேறி உட்கார்ந்துவிட்டது. அதை எடுத்துவிட்டுப் புதுசு போட்டால்தான் சக்கரம் சுற்றும். மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தார். உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். அம்மி நகர்ந்திருக்கும், இது நகரவில்லை. யூடியூபில் ஒருவன் ஹப்பைச் சூடாக்கினால் பேரிங் தானாக விழும் என்று சொல்லி, விழவும் வைத்தான். கம்பியெல்லாம் கழற்றிய ஹப்பைத் தூக்கிக்கொண்டு ஜாஃபர் சாதிக் அடுப்படிக்குப் போனார்.

"சோத்துப் பானையை இறக்கிட்டு இதை வச்சிருக்கீங்களே, என்னங்க இது?" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள் மனைவி நுஸைபா. கிரீஸ் கருகி வீடெல்லாம் நாறியது. பேரிங் மட்டும் விழவில்லை.

சாயங்கால அஸர் தொழுகை முடிந்து போகிறவர்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். கேட்டாலும் கேட்காவிட்டாலும் யோசனை கிடைத்தது. பக்கத்து வீட்டு நெடுஞ்செழியன் சொந்தமாக டிராக்டர் வைத்திருப்பவர். இரும்பைப் பற்றி எல்லாம் தெரிந்த தோரணை.

"ஷார்ஜாவுல இதை எப்படிங்க கழட்டுவீங்க?"

"அங்க மெஷின் இருக்குங்க. புல்லர்."

"அப்ப மெஷின்தான் கழட்டும். நீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். மறுநாள் டீக்கடை பெஞ்சில் யாரும் நகரவில்லை. முபாரக்கும் ஒரு மாதிரி பார்த்தான். எல்லாவற்றையும்விட மாமனார் சொன்னதுதான் சுட்டது. "விடுங்க மாப்பிள்ளை, காயலாங்கடையில போட்டுருவோம். உங்களைவிட வண்டியா பெருசு?" தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நாசூக்காகச் சொல்கிறார் என்று ஜாஃபர் சாதிக்குக்குப் பட்டது. அவமானத்தில் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு அப்புறம் உண்மையைச் சொல்லித் தொலைத்துவிடுவது என்று முடிவுசெய்தார்.

வெள்ளிக்கிழமை காலையில், காயலாங்கடைக்குப் போகிற பொருளைக் கொஞ்சம் துடைத்தாவது கொடுப்போம் என்று பழைய கைலியால் ஹப்பைத் துடைத்தார். கருகிய கிரீஸும் புயல் சேறும் அடையாகப் பெயர்ந்தன. அடியில், பேரிங்குக்கு முன்னால், மெல்லிய இரும்பு வளையம் ஒன்று பள்ளத்தில் பொருந்தியிருந்தது. அதன் இரண்டு நுனியிலும் குண்டூசி போகிற அளவில் ஒவ்வொரு ஓட்டை.

மெக்கானிக்காக இருந்தால் அந்த வளையத்தை முதலிலேயே தேடியிருப்பார். ஸ்டோர்கீப்பருக்கு அந்த ஓட்டைகளைப் பார்த்ததும் சர்க்கிளிப் பிளையர் ஞாபகம் வந்தது. ஊசி ஊசியாக மூக்கு வைத்த இந்தக் குறடு எதைத்தான் பிடிக்குமோ என்று யோசித்தபடியே எத்தனை பேருக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார்! இதைத்தான் பிடிக்கும். பேரிங் பாவம், பிடிவாதமே பிடிக்கவில்லை. இவர்தான் தாழ்ப்பாளை எடுக்காமல் கதவை முட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

முபாரக்கின் ஸ்கூட்டரில் டவுனுக்குப் போய் அந்தப் பிளையரை வாங்கிவந்து, கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டு வளையத்தைக் கழற்றினார். உண்மை சொல்லும் திட்டம் அதோடு ஒழிந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவர் மாதிரி காத்திருந்தார்.

ஜும்ஆ முடிந்து கூட்டம் வந்தது. ஹப்பைச் சூடாக்கி வாசலுக்குக் கொண்டுவந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டார். இரண்டு தரம் சுற்றி வந்து பார்த்தார். "பிஸ்மில்லா" என்று ஒரே அடி. பேரிங் டங்கென்று சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது.

"மாஷா அல்லா!" என்று கத்தினான் முபாரக். "ஷார்ஜா கைன்னா சும்மாவா!"

"தட்டுற இடம்னு ஒண்ணு இருக்குல்ல," என்று நெடுஞ்செழியன் பக்கத்தில் இருந்தவருக்கு விளக்கினார். நம் ஊரில் ஒரே அடியில் நடப்பதற்குத்தான் மதிப்பு. ஜாஃபர் சாதிக்கின் மனசு குளிர்ந்துபோனது.

கூட்டம் கலைந்ததும் மாமனார் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"மாப்பிள்ளை, ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. பேத்தி அனீஸா கைக்குழந்தையா இருந்தப்ப, உங்க கம்பெனியில வேலை பார்த்த வலங்கைமான்காரர் ஒருத்தரை ஒரு நிக்காஹ்ல பார்த்தேன். உங்க மருமகன் மெக்கானிக் இல்ல, ஸ்டோர்ல சாமான் எடுத்துக் கொடுக்குறவருன்னு சொன்னாரு."

ஜாஃபர் சாதிக் கீழே கிடந்த பேரிங்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

"நான் யாருக்கும் சொல்லல. உங்க மாமிக்குக்கூடத் தெரியாது. எடுத்துக் கொடுத்தா என்ன? ஹலாலான வேலை. வெயில்ல கெடந்து என் புள்ளையையும் பேத்தியையும் காப்பாத்துறாரேன்னு அவ்வளவு மதிப்பு வச்சிருந்தேன். அதான் நாலு பேருக்கு முன்னாடி நீங்க தலைகுனியக் கூடாதுன்னு, டவுன்ல கொடுப்போம், காயலாங்கடையில போடுவோம்னு சொல்லிப் பார்த்தேன்."

"மாமா..."

"இன்னைக்கு அந்த அடியைப் பார்த்தப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த ஆளு பொறாமையில புளுகியிருக்கான். உங்களைப் போயி இத்தனை வருஷமா ஸ்டோர்காரர்னு நெனச்சிட்டேனே! மன்னிச்சிக்குங்க மாப்பிள்ளை."

ஸ்டோர்கீப்பர் ஜாஃபர் சாதிக்கை ஸ்டோர்கீப்பராகவே மதித்த ஒரு மனிதர் இத்தனை வருஷமும் இதே வீட்டில் இருந்திருக்கிறார். அப்படி ஒருவர் இருப்பது தெரிந்த அதே நேரத்தில் அவர் இல்லாமல் போய்விட்டார். இப்போது உண்மையைச் சொன்னால் இந்த மெக்கானிக்கும் போய்விடுவான், அந்த ஸ்டோர்கீப்பரும் திரும்பி வரமாட்டான். மிஞ்சுவது ஊரைக் கூட்டி வைத்து ஏமாற்றியவன் ஒருவன்தான்.

"பரவாயில்ல மாமா," என்றார். "விடுங்க."