அம்மா மட்டும்

பிரேமலாவுக்கு நின்றுகொண்டே தூங்கிவிடலாம் போலிருந்தது. சிங்கப்பூரில் இரவு வேலை, மலேசியாவுக்குத் திரும்பும்போது எல்லைப் பாலத்தில் நெரிசல், வீட்டுக்கு வந்தால் மகள் லோஷினிக்குக் காய்ச்சல். பத்து வயதுப் பெண், தொடையிடுக்கில் வந்த கட்டியை யாரிடமும் சொல்லாமல் நொண்டி நொண்டிச் சமாளித்திருக்கிறாள். பிரேமலாவின் அண்ணன் லெட்சுமணன் லீவு போட்டுவிட்டுக் காரோடு வந்தார். அந்தக் குடும்பத்தில் காரை ஓட்டி வருபவர்தான் டாக்டரிடமும் பேசுவார். யார் போட்ட சட்டமோ, மாற்ற ஒருவருக்கும் தெம்பில்லை.

கிளினிக் அறையிலும் அவரே முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினார். டாக்டர் சாந்தினி பொறுமையாகக் கேட்டுவிட்டு லோஷினியிடம் திரும்பினார். "கட்டிய நான் பாக்கணும்மா. பாக்கலாமா?"

"பாருங்க டாக்டர்," என்றாள் பிரேமலா. சீக்கிரம் முடிந்தால் போதும் அவளுக்கு. திரையைக்கூட இழுக்காமல் மகளைக் கட்டில் பக்கம் தள்ளினாள். லோஷினி அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தாள்.

"நான் அவளத்தான் கேட்டேன்கா," என்றார் டாக்டர். "லோஷினி, கூட யாரு இருக்கணும்?"

"அம்மா மட்டும்."

லெட்சுமணன் சிரித்தார். "அலமாக், மாமாகிட்ட என்ன வெக்கம்? நான் தூக்கி வளத்த பிள்ள லா!"

பிள்ளையை ஓர் அதட்டு அதட்டினால் வேலை முடிந்துவிடும். அண்ணன் முகம் கோணினால் அடுத்த முறை காருக்கு எங்கே போவது? ஆனால் மகள் அவள் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள்.

"அண்ணே, வெளிய இருங்க."

"நானா?"

"ஆமாண்ணே. எந்திரிங்க."

அவர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போனார். டாக்டர் திரையை இழுத்து, மூடிக்கொள்ள ஒரு துணி கொடுத்தார். "வலிச்சாலும் சரி, பிடிக்கலன்னாலும் சரி, கையத் தூக்கு. நிறுத்திடுவேன்."

"அம்மா, நீங்களும் அந்தப் பக்கம் திரும்பிக்கங்க. கைய மட்டும் விடாதீங்க," என்றாள் லோஷினி.

பெற்றவளிடமுமா? பிரேமலாவுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் திரும்பிக்கொண்டாள். இவளைப் பெற்ற அன்று யார் யாரோ வந்து துணியை விலக்கிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவரும் அவளைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்லலாம் என்பதே அவளுக்குத் தெரியாது.

"பாக்கலாமா?"

"ம்."

சற்று நேரத்தில் லோஷினியின் கை மேலே எழுந்தது. பிடித்திருந்த பிரேமலாவின் கையும் கூடவே எழுந்தது.

டாக்டர் உடனே நிறுத்திவிட்டார். பிரேமலா சுவரைப் பார்த்தபடியே அழுதாள்.