பாலாடை நிறக் கம்பளம்

அளவெடுப்பதில் கம்பளக் கடைக் கிரினாவைக் குறை சொல்ல முடியாது. பல் டாக்டர் ருக்சாந்திரா மேடத்தின் புது வீட்டுக் கூடத்தில் டேப் ஒட்டி, மூன்று மீட்டருக்கு நாலு என்று கட்டம் போட்டுக் காட்டிவிட்டாள். சோபாவின் முன்னங்கால்கள் கம்பளத்தின்மேல் ஏறி நிற்க வேண்டும். இல்லையென்றால் எத்தனை ஆயிரம் லேய் கொடுத்து வாங்கினாலும் பெரிய தரையில் கைக்குட்டை காயப்போட்டதுபோலத்தான் கிடக்கும்.

கடை ஆட்கள் மூன்று கம்பளங்களை இறக்கிவிட்டுப் போயிருந்தார்கள். பாலாடை நிறத்தில் கம்பளி, கணுக்கால் புதையும் தடிமன். அடுத்தது சாம்பல் நிறம், ஒட்ட வெட்டிய மயிர். மூன்றாவது சிவப்பு. அதை மேடம் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

"பல் டாக்டரம்மா பாலாடையை எடுத்தா வெள்ளிக்கிழமை உனக்கு வேலை நிரந்தரம். சாம்பலை யார் வேணா வித்துடுவாங்க" என்று காலையில்தான் கடை முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். கிரினாவின் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் அவள் ஒருத்திதான். மூன்று மாதமாகத் தற்காலிகம். க்ளூஜ் நகரத்தில் அறை வாடகை கொடுத்துக்கொண்டு இன்னும் எத்தனை நாள் தற்காலிகமாக இருப்பது?

மேடம் இரண்டுக்கும் நடுவே நின்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஈஸ்டருக்கு இருபது பேர் வர்றாங்க. நாய் வேற இருக்கு. சவெத்தா, இங்க வா. சுத்தம் பண்றவ நீதானே, நீயே சொல்லு."

வீட்டு வேலை செய்யும் சவெத்தா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். அறுபது வயதிருக்கும். பாலாடையில் விரலை விட்டுப் பார்த்தாள். விரல் காணாமல் போனது.

"சாம்பல்தான் மேடம். அஞ்சு நிமிஷத்துல மெஷின் போட்டு இழுத்துடலாம். இதுல ஒரு சொட்டு சிவப்பு ஒயின் விழுந்தா, நான் மண்டி போட்டு உக்காந்துதான் தேய்க்கணும். நாய் மயிரெல்லாம் கையாலதான் பொறுக்கணும். என் முட்டி என்னைத் திட்டும்."

"அப்ப சாம்பலே..." என்று மேடம் ஆரம்பித்தாள்.

கிரினா ஓரடி முன்னால் வந்தாள். வாய் முந்திக்கொண்டது.

"மேடம், கம்பளம் எடுக்கறது உங்க கண்ணுக்கா, வேலைக்காரி முட்டிக்கா? இந்த மாதிரி வீட்டுல அதையெல்லாம் யாரும் கேக்கறதில்ல. அதுக்குத்தானே சம்பளம் குடுக்கறீங்க?"

மேடம் கலகலவென்று சிரித்தாள். "நாக்குல பிளேடு வெச்சிருக்கடி நீ!" சவெத்தாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? "அதுவும் சரிதான். முட்டியை யாரு கேட்டா?" என்றாள்.

பாலாடை என்று முடிவாயிற்று. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு, போன் வந்ததென்று மாடிக்குப் போனாள்.

வேண்டாத இரண்டையும் சுருட்டி வைக்க வேண்டும். கிரினா குனிந்து சாம்பல் கம்பளத்தை உள்ளங்கையால் நீவி, மயிர் எந்தப் பக்கம் படிகிறதென்று பார்த்து, அந்தப் போக்கிலேயே இறுக்கிச் சுருட்டத் தொடங்கினாள். மறுமுனையைச் சவெத்தா வந்து பிடித்துக்கொண்டாள்.

"இதைக் காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"ஆமா."

"பொய் சொல்லாத. இது பிளாட் முற்றத்துல கம்பியில போட்டுத் தூசி போகக் கார்ப்பெட் அடிச்ச கை. எனக்குத் தெரியாதா? உங்கம்மா எங்க வேலை பாக்கறாங்க?"

"ஸ்கூல்ல."

அது பொய்யில்லை. பள்ளிக்கூடத்தின் மூன்று மாடிகளையும் கழுவுகிறவள் அம்மா லுக்ரேட்சியா.

"டீச்சரா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுகூட வேண்டாம். கிரினா தலையை ஆட்டினாள். ஆமாம் என்று.

சவெத்தாவின் முகம் இளகியது. "அப்ப உன்மேல தப்பில்ல கண்ணு. டீச்சர் வீட்டுப் பொண்ணுக்கு முட்டி வலி எப்படித் தெரியும்? நான்தான் ஒரு நிமிஷம் மனசுல வெச்சுக்கிட்டேன்."

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பாள். கிரினாவுக்குச் சண்டை போடத் தெரியும். ஊரையே எதிர்த்துப் படித்தவள். மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. கம்பளத்தைக் கட்டிய கயிற்றில் முடிச்சுமேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டேயிருந்தாள். "போதும், விடு, அவிழ்க்கறவன் சபிப்பான்" என்றாள் சவெத்தா. சோபாவைப் பிடித்துக்கொண்டு, முதலில் ஒரு காலை ஊன்றி, நின்று, பிறகு மற்றதை இழுத்து எழுந்தாள். அம்மாவும் இப்படித்தான் எழுவாள். கிரினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மலைச்சரிவில் இறங்கி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது போன் அடித்தது. அம்மா.

"என்னடி ஆச்சு? வித்துதா?"

"வித்துது."

"வேலை?"

"நிரந்தரம்."

"என் தங்கமே! பக்கத்து வீட்டு ரோடிகாகிட்ட இப்பவே சொல்றேன், வாயைப் பொத்தட்டும் அவ. எதை எடுத்தாங்க? நீ சொன்னியே, பாலாடையும் சாம்பலும்னு?"

பஸ் வந்து நின்று, கதவு திறந்தது. கிரினா ஏறவில்லை.

"சாம்பல்மா."

"அப்பாடா, நல்லதா போச்சு. அந்த வீட்டுல துடைக்கிற மகராசி பொழைச்சா. உன்னையும் வாழ்த்துவா பாரு."

"ம்" என்றாள் கிரினா.