எல்லாருக்கும் தெரிவித்தாயிற்று

எங்கள் நிறுவனத்துக்கு இன்ட்ராநெட் என்ற உள் இணையதளம் ஒன்றைப் புதிதாகத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை டெஸ்லி பாஸ்கோவிடம் கொடுத்தபோது, சில நாட்களில் முடிகிற வேலை என்றுதான் நினைத்தோம். ஆஸ்திரேலியாவின் மக்காய் நகரிலும் சுற்றியுள்ள கரும்புத் தோட்டங்களிலும் தனியாக வாழும் முதியவர்களை வீடு தேடிப் போய்க் குளிப்பாட்டி, மருந்து கொடுத்துவிட்டு வருவது எங்கள் தொழில். அலுவலகத்தில் நாங்கள் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் எல்லாரும் காரில் சுற்றும் பராமரிப்புப் பெண்கள். அறிவிப்பு, பணி நேரம், எச்சரிக்கை எல்லாம் இனி ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது திட்டம்.

விற்பனைக்காரர்களைக் கூப்பிடுவதற்கு முன்பு டெஸ்லி அந்தப் பெண்களின் கார்களில் ஏறிக்கொண்டாள். ஒரு நாள் லோசா என்ற சமோவாக்காரியோடு போனாள்.

"ஆபீஸ் கம்ப்யூட்டர்ல போட்டா நான் எப்படிப் பாக்கறது? போன்ல சத்தம் போட்டுட்டு வரணும், டெஸ்," என்றாள் லோசா. "நானாத் தேடிப் பாக்கணும்னா, கர்த்தர் மேல சத்தியமா பாக்க மாட்டேன். ஆறு கிழவங்களைக் குளிப்பாட்டின கையோட எவ உக்காந்து தேடுவா?"

கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று பார்க்க அழுதுவடியும். ஆனால் செய்தி நேராக ஒவ்வொருவர் போனுக்கும் போகும். மற்றது கண்ணைப் பறிக்கும். பிறந்தநாள் வாழ்த்து, புகைப்படங்கள், முதலாளியின் வீடியோ எல்லாம் உண்டு. ஆனால் அலுவலகக் கணினியில் மட்டும்தான் திறக்கும்.

கணினிப் பிரிவுத் தலைவர் வார்விக் டல்லி டெஸ்லியோடு தினமும் மதியம் சேர்ந்து சாப்பிடுகிறவர். இரண்டையும் சோதித்துவிட்டு, "சந்தேகமே இல்ல, டெஸ். அந்த அசிங்கம் புடிச்சதுதான் நமக்கு. மீட்டிங்ல நான் உன் பக்கம்," என்றார்.

கூட்டத்தில் முதலாளி பிரெண்டன் ஹாஸ்கின்ஸ் அழகானதையே புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "அடடா, என் வீடியோ முதல் பக்கத்துலயே வருதே!"

"வருது பிரெண்டன், ஆனா கார்ல இருக்கறவங்க யாருமே அதைப் பாக்க முடியாது," என்றாள் டெஸ்லி.

"வார்விக், நீ என்ன சொல்ற?"

வார்விக் காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. அழகா இருந்தா ஜனங்க தேடி வருவாங்க. போன் வசதியை அடுத்த வருஷம் சேத்துக்கலாம்."

வெளியே வந்ததும் டெஸ்லி அவரை மறித்தாள். "என்ன வார்விக் இது?"

"அவரு எப்பவோ முடிவு பண்ணிட்டாரு. தோக்கற பக்கம் ரெண்டு பேர் நின்னு என்ன கிழிக்கப் போறோம்?"

அழகானதையே வாங்கினார்கள். சீக்கிரமே வார்விக் துணைப் பொது மேலாளர் ஆனார். அவர் போட்ட முதல் உத்தரவு, இனி யாரும் பராமரிப்புப் பெண்களைப் போனில் கூப்பிட்டுத் தகவல் சொல்ல வேண்டாம், அதற்குத்தான் இன்ட்ராநெட் இருக்கிறதே என்பது.

பிப்ரவரியில் மழை கொட்டியது. ஓடையில் வெள்ளம் வருகிறது, தரைப்பாலத்துப் பக்கம் யாரும் போக வேண்டாம் என்ற எச்சரிக்கை இன்ட்ராநெட்டில் காலையிலேயே ஏறிவிட்டது. அன்று அந்தப் பக்கம் இருந்த ஒரு கிழவருக்கு இன்சுலின் போட லோசா கிளம்பினாள். பாலத்தில் ஏறும்போது தண்ணீர் டயரைக்கூட நனைக்கவில்லை. பாதி தாண்டுவதற்குள் வெள்ளம் காரைப் புரட்டிவிட்டது. ஜன்னல் வழியாக வெளியேறி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தவளைக் கரும்பு விவசாயி ஒருவர் டிராக்டரில் வந்து மீட்டார். தோள் எலும்பு நொறுங்கியிருந்தது.

மருத்துவமனைக்குப் போன டெஸ்லியிடம் லோசா முகம் கொடுக்கவில்லை. "என் கார்ல உக்காந்து எல்லாத்தையும் கேட்டுட்டுப் போனியே. கேக்காமலாவது இருந்திருக்கலாம். நீங்க எல்லாரும் ஒண்ணுதான்."



விசாரணையில் பிரெண்டன், "எல்லாருக்கும் தெரிவிச்சாச்சு. படிக்கறது ஊழியரோட பொறுப்பு," என்றார்.

"எங்க படிக்கறது? அவ போன்ல எது திறந்துச்சு?" என்றாள் டெஸ்லி. "வார்விக், உனக்குத் தெரியும். சொல்லு."

வார்விக், "அறிவிப்பு சரியாத்தான் போயிருக்கு," என்றார்.

சட்டப்படி வரவேண்டிய காப்பீடு லோசாவுக்கு வந்தது. கூடவே, அறிவிப்பைப் படிக்காமல் நிறுவனத்தின் காரைச் சேதப்படுத்தியதற்கு எச்சரிக்கைக் கடிதமும் வந்தது. அதை ரத்து செய்யாவிட்டால் வேலையை விடுகிறேன் என்று டெஸ்லி சொல்லிப் பார்த்தாள். தாராளமாக விடுங்கள் என்றார்கள். விட்டாள்.

அடுத்த வருடம் அந்த அழுதுவடிகிற இன்ட்ராநெட்டையே வாங்கினார்கள். 'ஊழியர் பாதுகாப்பே எங்கள் உயிர்' என்று வார்விக் அனுப்பிய செய்தி எல்லாருடைய போனிலும் ஒரே நேரத்தில் சத்தமிட்டது.

போன மாதம் கடைத்தெருவில் டெஸ்லியும் நானும் நடந்துகொண்டிருந்தபோது எதிரே லோசா வந்தாள். வலது கை இன்னும் மடங்கியே இருந்தது. எங்களைப் பார்த்ததும் தள்ளுவண்டியைத் திருப்பிக்கொண்டு வேறு பக்கம் போய்விட்டாள்.

"அவளுக்காகத்தான் நீ வேலையையே விட்டது அவளுக்குத் தெரியாது டெஸ். நான் போய்ச் சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம். அதைத் தெரிஞ்சுக்கிட்டு அவ என்ன பண்ணுவா? கையைத் தூக்க முடியுமா?"

காய்கறிக் கடையில் டெஸ்லி வெகுநேரம் வெங்காயம் பொறுக்கிக்கொண்டு நின்றாள்.